பாட்டை எழுதியவர் பெயரையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் லெட் செப்பலின் குழுவைப் பற்றிய கட்டுரை வந்ததிலும், அதையொட்டி வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களிலும் எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இங்கிலாந்தின் ராக் குழு ஒன்றுக்காக இத்தனை பேர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எந்தக் கவர் (ஒருவர் பாட்டை இன்னொருவர் எடுத்துப் பாடுவது) அசலை மிஞ்சியது, செப்பலினின் ‘ஸ்டெர்வே டு ஹெவன்’ பாட்டை ஹார்ட் குழு பாடியது உசத்தியா செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்ட் பாடியது உசத்தியா என்று நடக்கும் வாக்குவாதத்தை வாரம் தவறாமல் படிக்கிறேன்.

அத்தனை கடிதங்களிலும் ஒரு பெரிய குறை இருக்கிறது. செப்பலின் பாட்டை யார் யார் எடுத்துப் பாடினார்கள் என்று பட்டியல் போடுகிறவர்கள், செப்பலின் யார் யாருடைய பாட்டை எடுத்துப் பாடினார்கள் என்று சொல்வதில்லை. அந்தப் பக்கம் போன இரண்டு பேரும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் ‘எல்லாமே திருட்டு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இன்னொருவர், ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாட்டை முதலில் பாடியவர் மெம்ஃபிஸ் மின்னி என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. நீண்ட கடிதமாக இருந்தாலும் தயவுசெய்து முழுவதையும் வெளியிடுங்கள்.

நான் வீட்டில் வைத்து கிட்டார் சொல்லிக்கொடுப்பவள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களும் வருகிறார்கள். செப்பலின் எனக்கு உயிர். அதன் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜின் கை போகும் வழியைப் பார்த்துப் பார்த்துத்தான் நானே பாதி கற்றுக்கொண்டேன். அதனால் இதை யாரும் விரோதியின் கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த ‘லெவி’ பாட்டு. லெவி என்றால் வெள்ளத்தைத் தடுக்கும் ஆற்றங்கரை. 1927 ஏப்ரல் 21 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் ஆற்றின் கரை உடைந்தது. அந்த வருட வெள்ளத்தில் சுமார் 70,000 சதுர கிலோமீட்டர் நிலம் தண்ணீருக்குள் போனது. 6 லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கரை உடையாமல் காக்க மண்மூட்டை அடுக்கும் வேலைக்குக் கறுப்பின மக்களைத் துப்பாக்கி முனையில் நிறுத்தினார்கள். வெள்ளம் வந்த பிறகும் அவர்களை முகாம்களில் அடைத்து வேலை வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1929 ஜூனில், கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக நியூயார்க்கில் ஒரு தம்பதி இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். கணவர் பெயர் கேன்சஸ் ஜோ மெக்காய். மனைவி மெம்ஃபிஸ் மின்னி. அந்தப் பதிவில் பாடுகிற குரல் ஜோவுடையது. மின்னி அதில் பாடவில்லை, கிட்டார் வாசிக்கிறார். ஜோவின் கிட்டார் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, அதற்கு மேலே குரலோடு பேசிக்கொண்டு போகிற கிட்டார் இருக்கிறதே, அதுதான் மின்னி.

உங்கள் வாசகர் மின்னி பெயரைச் சொன்னதே எனக்கு நிறைவுதான். ஆனால் பாடியவர் ஜோ என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் ஜோ மெக்காயின் பெயர் இப்படித்தான் எல்லா இடத்திலும் நழுவிப் போகிறது. லெட் செப்பலின் இந்தப் பாட்டை 1971 நவம்பரில் வந்த தங்கள் நான்காவது ஆல்பத்தில் வைத்தார்கள். அந்த ஆல்பத்துக்குத் தலைப்பு கிடையாது, முன்னட்டையில் குழுவின் பெயர்கூடக் கிடையாது. தங்கள் பெயரையே அட்டையில் போடாதவர்கள் இந்தப் பாட்டுக்கு ஐந்து பெயர்களைக் கொடுத்தார்கள். குழுவின் நால்வரான பேஜ், பிளான்ட், ஜோன்ஸ், பான்ஹாம், ஐந்தாவதாக மெம்ஃபிஸ் மின்னி. நல்ல காரியம் செய்தார்கள். ஆனால் 1929-இல் அதைப் பாடிய மனிதரின் பெயர் அங்கேயும் இல்லை. ஜோ 1950-இலேயே இறந்துவிட்டார். பெகி லீ பாடி 1940களில் பிரபலமான ‘ஒய் டோன்ட் யூ டூ ரைட்’ என்ற ஜாஸ் பாட்டும் இதே ஜோ எழுதியதுதான். கவர் பாட்டுகளில் பிரியமுள்ள எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய மனிதர்.

செப்பலின் செய்த ‘லெவி’ மட்டமான நகல் என்று நான் சொல்லவே மாட்டேன். ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடத்தில் அதைப் பதிவு செய்தார்கள். ஜான் பான்ஹாமின் டிரம்ஸை மாடிப்படிக்குக் கீழே, கூரை உயரமாக இருந்த நுழைவுக் கூடத்தில் போட்டார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மேல்மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டார். டிரம் பக்கத்தில் வைத்த மைக்கில் அந்த ஒலி கிடைத்திருக்காது. அந்தக் கூடமே சேர்ந்து முழங்குவதுதான் நாம் கேட்பது. மவுத் ஆர்கனின் எதிரொலி பின்னோக்கி ஓடுகிறது. டேப்பின் வேகத்தைக் குறைத்திருப்பதால் எல்லாமே கனத்து, தண்ணீர் ஏறி வருவது போல நகர்கிறது. 1929 பதிவு வெள்ளத்தைப் பார்த்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்வது மாதிரி சாதாரணமாகப் போகும். 1971 பதிவில் வெள்ளமே வந்துவிடுகிறது. பின்னால் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழு 1986-இல் பான்ஹாமின் அந்தத் தாளத்தை வெட்டி எடுத்துத் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் போட்டார்கள். ஆக, கவர் செய்தவர்களே ஒரு புது அசலை உண்டாக்கிவிட்டார்கள். இதை நான் மனசாரச் சொல்கிறேன்.

அதே சமயத்தில் மின்னியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சிறு வயதிலேயே வீட்டை விட்டு வந்து மெம்ஃபிஸ் நகரத்தின் பீல் தெருவில் வாசித்தவர். சிகாகோவில் நடந்த கிட்டார் போட்டியில் மின்னி தன்னைத் தோற்கடித்ததை ப்ளூஸ் கலைஞர் பிக் பில் புரூன்சியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். புரூன்சி அன்றைக்குப் பெரிய ஆள். அப்படிப்பட்ட மின்னி 1960-இல் பக்கவாதம் வந்து, மெம்ஃபிஸில் முதியோர் காப்பகத்தில் இருந்தார். செப்பலினின் நான்காவது ஆல்பம் வெளியானபோது அவர் உயிரோடு இருந்தார். 1973 ஆகஸ்டில் காலமானார். அந்த ஆல்பத்துக்கு அமெரிக்காவில் மட்டும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனைச் சான்று கிடைத்திருக்கிறது. மின்னியின் கல்லறைக்கு 1996-இல்தான் கல் வைத்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர் பாடகியும் கிட்டார் கலைஞருமான பானி ரெய்ட்.

மின்னியின் பெயரே இல்லாமல் போனதும் உண்டு. 1941-இல் அவர் பதிவு செய்த ‘மீ அண்ட் மை ஷோஃபர் ப்ளூஸ்’ பாட்டை ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழு 1966-இல் தங்கள் முதல் ஆல்பத்தில் பாடினார்கள். அங்கே எழுதியவர் என்று போட்டிருந்தது லெஸ்டர் மெல்ரோஸ் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளரின் பெயர்.

இனி, ‘எல்லாமே திருட்டு’ என்று எழுதிய வாசகருக்கு. ஐயா, ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். 1969 ஜனவரியில் வந்த முதல் ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். ‘யூ ஷுக் மீ’, ‘ஐ கான்ட் குவிட் யூ பேபி’ இரண்டிலும் அவற்றை எழுதிய ப்ளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் பெயர் ஒழுங்காக இருக்கிறது. அதே தட்டில் ‘பேப் ஐயம் கோனா லீவ் யூ’ பாட்டுக்கு ‘மரபுப் பாடல், இசைக்கோப்பு பேஜ்’ என்று இருந்தது. மரபுப் பாடல் கிடையாது. 1950களின் கடைசியில் ஆன் பிரெடன் என்ற பெண் எழுதிய பாட்டு. பெர்க்லியில் மாணவியாக இருந்தபோது அவர் அதை உள்ளூர் வானொலியில் பாடினார். இன்னொரு பாடகி அதைக் கற்றுக்கொண்டு ஓபர்லின் கல்லூரியில் பாட, அங்கே கேட்டு நாட்டுப்புறப் பாடகி ஜோன் பயஸ் எடுத்துக்கொண்டார். 1962-இல் வந்த பயஸின் மேடை ஆல்பத்திலும் பிரெடன் பெயர் ஆரம்பத்தில் இல்லை. அந்தத் தட்டைக் கேட்டுத்தான் பேஜும் பிளான்ட்டும் பாட்டைப் பிடித்தார்கள். அவர்களை இதில் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பெயர் விடுபட்டது அவர்களுக்கு முன்னாலேயே. ஆனால் விளைவைப் பாருங்கள். தன் பாட்டு உலகம் பூராவும் ஒலிப்பதே பிரெடனுக்கு 1980களில்தான் தெரிய வந்தது. 1990 முதல் அவர் பெயரும் சேர்ந்து வருகிறது, பழைய பாக்கியும் கொடுத்தார்கள். இடையில் இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது.

அதே ஆல்பத்தின் ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ கதை வேறு. ஜேக் ஹோம்ஸ் என்ற பாடகர் 1967-இல் அதே தலைப்பில் அந்தப் பாட்டைத் தன் ஆல்பத்தில் பாடியிருந்தார். அந்த ஆகஸ்டில் நியூயார்க்கில் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் நிகழ்ச்சிக்கு முன் அவர் மேடையேறினார். யார்ட்பேர்ட்ஸில் அப்போது கிட்டார் வாசித்தவர் ஜிம்மி பேஜ். கீழே இறங்கி வருகிற அந்த பாஸ் (தாழ்ந்த ஸ்வர) வரிசையும் தலைப்பும் அங்கிருந்துதான் வந்தன. 1969 தட்டில் போட்டதோ பேஜ் பெயர் மட்டும். ஹோம்ஸ் 2010-இல் வழக்குப் போட்டார், சமரசமானது. 2012-இல் வந்த ‘செலிப்ரேஷன் டே’ தட்டில் ‘ஜேக் ஹோம்ஸால் தூண்டப்பட்டது’ என்று ஒரு வரி சேர்ந்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. வயலின் வில்லைக் கொண்டு பேஜ் கிட்டாரை வாசிக்கும் அந்த நடுப்பகுதி ஹோம்ஸ் பாட்டில் கிடையாது. அது பேஜின் மேதைமைதான். ஆனால் மேதைமை இருப்பதற்காக இன்னொருவர் பெயரை விடலாம் என்று ஆகாது.

‘ஹோல் லாட்டா லவ்’ எல்லோருக்கும் தெரியும். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1962-இல் பாடிய ‘யூ நீட் லவ்’ பாட்டின் வரிகள் அதில் இருக்கின்றன. எழுதியவர் வில்லி டிக்சன். ஸ்மால் ஃபேசஸ் குழுவும் 1966-இல் அதை ஏறக்குறைய அப்படியே பாடியிருந்தது. 1985-இல் டிக்சன் வழக்குத் தொடுத்தார், பின்னர் சமரசத்தில் முடிந்தது, இன்று அவர் பெயர் இருக்கிறது. ராக் ரசிகர்கள் கொண்டாடுகிற எத்தனையோ கவர்களுக்குப் பின்னால் இந்த ஒரே மனிதர்தான் நிற்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸ் பாடி 1964-இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’, கிரீம் குழுவின் ‘ஸ்பூன்ஃபுல்’, டோர்ஸ் குழுவின் ‘பேக் டோர் மேன்’, மூன்றும் டிக்சன் எழுதியவை. சிகாகோவில் செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் இருந்த கட்டடத்தில் அவர் பெயரால் நடக்கும் ப்ளூஸ் அறக்கட்டளை இன்றும் இருக்கிறது. உங்கள் வினாடி வினாப் பகுதிக்கு ஒரு தகவலும் தருகிறேன். 1970களில் பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்கு முகப்பு இசையாக ஒலித்தது ‘ஹோல் லாட்டா லவ்’தான், ஆனால் வாசித்தது செப்பலின் இல்லை. அலெக்சிஸ் கார்னரின் சி.சி.எஸ். குழு செய்த கவர் அது.

பெயர் கொடுக்கத் தெரியாதவர்கள் என்றும் அவர்களைச் சொல்ல முடியாது. 1975-இல் வந்த ‘ஃபிசிக்கல் கிராஃபிட்டி’யில் ‘பூகி வித் ஸ்டூ’ பாட்டை எழுதியவர்களில் ஒருவராகத் ‘திருமதி வேலன்ஸ்’ என்று இருக்கும். 1959 விமான விபத்தில் 17 வயதில் இறந்த பாடகர் ரிச்சி வேலன்ஸின் தாயார் அவர். மகனின் பாட்டுகளுக்கு அந்த அம்மாவுக்கு ராயல்டி போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டுத்தான் பெயரைச் சேர்த்தோம் என்று பேஜ் சொல்லியிருக்கிறார்.

‘ஸ்டெர்வே டு ஹெவன்’ விஷயத்தில் நான் முழுக்க செப்பலின் பக்கம். ஸ்பிரிட் குழுவின் ‘டாரஸ்’ இசையிலிருந்து எடுத்தது என்று 2014-இல் வழக்கு வந்தது. 2016-இல் நடுவர் குழு செப்பலினுக்குச் சாதகமாகச் சொன்னது. மேல்முறையீட்டில் இழுத்து, 2020-இல் முடிவானது. ஏ மைனரில் கை வைத்துக்கொண்டு பாஸ் ஸ்வரத்தை மட்டும் அரை அரையாக இறக்கிக்கொண்டு வருவது கிட்டாரில் பல நூற்றாண்டுப் பழக்கம். என் மாணவர்களே வாசித்துப் பழகும்போது தாமாக அங்கே போய்ச் சேர்கிறார்கள். அதற்கு யாரும் பட்டா போட முடியாது. பாட்டின் வரிகளையும் தலைப்பையும் எடுப்பதும், எல்லோருக்கும் பொதுவான ஒரு ஸ்வர வரிசையில் நடப்பதும் ஒன்றில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘எல்லாமே திருட்டு’ என்றால், நிஜமாகவே பெயர் இழந்தவர்களின் வழக்கும் சேர்ந்து நீர்த்துப் போகிறது.

ஹார்ட் குழு பாடியதைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். 2012 டிசம்பரில் வாஷிங்டனில் கென்னடி மையத்தின் கௌரவிப்பு விழா. ஆன் வில்சன் பாட, தங்கை நான்சி கிட்டார். டிரம்ஸில் ஜேசன் பான்ஹாம், 1980-இல் இறந்த ஜான் பான்ஹாமின் மகன். பின்னால் வந்து நின்ற பாடகர் கூட்டம் ஜான் பான்ஹாம் போடுவது போன்ற வட்டத் தொப்பி போட்டிருந்தது. மேலே உட்கார்ந்து கேட்ட பிளான்ட்டுக்குக் கண் கலங்கியது. என் கணக்கில் அது அசலை மிஞ்சவில்லை, மிஞ்ச வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. பாட்டைச் செய்தவர்களை எதிரில் உட்காரவைத்து, அவர்களுக்கே திருப்பிக் கொடுத்த கவர் அது. மின்னிக்கும் ஜோவுக்கும் அப்படி ஒரு மாலை வாய்க்கவே இல்லை.

நம் ஊர் தொடர்பான ஒன்றையும் யாரும் எழுதவில்லை. 1972-இல் பேஜும் பிளான்ட்டும் பம்பாயில் உள்ளூர்க் கலைஞர்களை வைத்து ‘ஃப்ரெண்ட்ஸ்’, ‘ஃபோர் ஸ்டிக்ஸ்’ இரண்டையும் பதிவு செய்தார்கள். 2015-இல் ‘கோடா’ ஆல்பத்தின் விரிவான பதிப்பில்தான் அவை முறையாக வெளிவந்தன. தங்கள் பாட்டுக்குத் தாங்களே செய்துகொண்ட கவர் என்று அதைச் சொல்லலாம். கேட்டுப் பாருங்கள், அற்புதமாக இருக்கும். பாட்டுப் பட்டியலில் ‘பாம்பே ஆர்கெஸ்ட்ரா’ என்று இருக்கிறது. அன்றைக்கு அந்த ஸ்டூடியோவில் தபலாவும் வயலினும் வாசித்த கைகளுக்குப் பெயர் உண்டு. மும்பையில் அவர்களின் குடும்பத்தார் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நம் வானொலியில் பாட்டைப் போடும் முன் படத்தின் பெயர், பாடியவர், இசையமைத்தவர், பாட்டை இயற்றியவர் என்று ஒருவரையும் விடாமல் சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்ததால்தான் பாடலாசிரியர்களின் பெயர் இன்றும் நமக்கு வாயில் வருகிறது. என் மாணவர்களும் எந்தப் பாட்டைக் கற்றாலும் நோட்டில் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) எழுதுவதற்கு முன் எழுதியவர் பெயரையும் முதல் பதிவு வந்த வருடத்தையும் எழுத வேண்டும். அது என் வகுப்பில் கட்டாயம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் ‘லெவி’ பாட்டுக்கு அப்படி எழுதப் போய்த்தான் 1929 பதிவைக் கேட்டாள். இப்போது கம்பியை மீட்டும் பிக்கைத் தள்ளிவைத்துவிட்டு விரலாலேயே வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். செப்பலினை அவள் விட்டுவிடவில்லை, அதையும் வாசிக்கிறாள்.

நீங்கள் வாசகர்களின் வாக்கை வைத்துச் ‘சிறந்த கவர் பாட்டுகள்’ பட்டியல் வெளியிடப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு பாட்டுக்குக் கீழும் எழுதியவர் யார், முதலில் பதிவு செய்தவர் யார், எந்த வருடம் என்று ஒரு வரி சேருங்கள். இடம் போதாது என்றால் படத்தைச் சிறிதாக்குங்கள், அல்லது பட்டியலில் ஐந்து பாட்டைக் குறையுங்கள். அப்புறம், மெம்ஃபிஸ் மின்னி பாடியதாக வந்த கடிதத்துக்கு இந்த வாரமே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். ‘வென் தி லெவி பிரேக்ஸ்’, 1929, கொலம்பியா. பாடியவர் கேன்சஸ் ஜோ மெக்காய். கிட்டார் மெம்ஃபிஸ் மின்னி, கேன்சஸ் ஜோ மெக்காய்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் ஆசிரியை,
வடவள்ளி, கோயம்புத்தூர்.